பெட்டி வந்த முதல் வியாழன்

வெர்லின் குசேராவுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. பெட்டி என்றால் உள்ளங்கை அகலம்தான். லாரி எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு, சக்கரம் எப்போது உருண்டது, எப்போது நின்றது என்று தானாகவே எழுதிக்கொண்டிருக்கும். பதினொரு மணி நேரம் ஓட்டினால் பத்து மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பழைய சட்டம்தான். ஆனால் அதுவரை ஓட்டுநர்களே தங்கள் கையால் நேரத்தை எழுதிவந்தார்கள். அந்த ஏட்டுக்கு அவர்களே வைத்திருந்த பெயர் கதைப்புத்தகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இவர்களிடம் வந்து பாடம் கேட்கலாம். அந்த டிசம்பரில் பெட்டி கட்டாயமானது, கதைப்புத்தகம் மூட்டை கட்டிக்கொண்டு போனது.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை நெப்ராஸ்காவில் ஒகல்லாலா ஊர் லாரி நிறுத்தத்தில் இதைப் பற்றிப் பெரிய சண்டை. வெர்லின் ஜோலியட்டில் உறைந்த இறைச்சி ஏற்றிக்கொண்டு மேற்கே டென்வருக்குப் போகிறவன். ஆர்டிஸ் ஹோஃபர் சால்ட் லேக்கிலிருந்து கிழக்கே ஒமாஹாவுக்கு வருகிறவள். அவன் மனைவியை இழந்தவன், அவள் கணவனை விரட்டியவள். ஆறு வருடமாக வியாழன் சாயங்காலம் இருவரும் அங்கே ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, காரமான கறிக்குழம்பும் அதற்குத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் சாப்பிடுவார்கள். நெப்ராஸ்காக்காரர்களைத் தவிர யாரும் இந்தச் சேர்க்கையை ஒப்புக்கொள்வதில்லை. ஆர்டிஸ் முகம் சுளித்தபடியே ஆறு வருடமாகச் சாப்பிடுகிறாள்.

அன்றைக்கு மேசையில் ஃபிரெஸ்னோவிலிருந்து வரும் பல்கார் சிங்கும் இருந்தான். வெர்லின்தான் ஆரம்பித்தான். முப்பது வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறவனுக்கு எப்போது தூக்கம் வரும் என்று ஒரு டப்பா சொல்ல வேண்டுமா, நாளைக்கு ஒன்றுக்குப் போவதற்கும் மணியடிப்பார்களா என்றெல்லாம் பொரிந்து தள்ளினான்.

ஆர்டிஸ் போன வருடமே பெட்டி வைத்துக்கொண்டவள். முன்பெல்லாம் ஆபீஸ்காரன் போனில் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தார்க்குச்சி போடுவான். அப்படி ஒரு விடியலில் வயோமிங்கில் அவள் கண் அசந்து, விழித்தபோது லாரி சாலைக்கு நடுவே இருந்த புல்லில் நின்றுகொண்டிருந்தது. அதைச் சொல்லும்போது அவள் குரல் இன்றைக்கும் தாழ்ந்துவிடும்.

"எனக்கு முடியாதுன்னு சொல்ல வராது வெர்லின். இப்போ பெட்டி சொல்லுது. அதோட சண்டை போட எந்த ஆபீஸ்காரனுக்கும் தைரியம் இல்ல."

பல்காருக்கு இரண்டு பேர் மேலும் கோபம். சரக்கு இறக்கும் இடத்தில் கிடங்குக்காரன் நாலு மணி நேரம் காக்க வைக்கிறானே, அந்தப் பாவத்தை எந்தப் பெட்டி எழுதுகிறது என்று கேட்டான். "உங்க ரெண்டு பேர் சண்டையில அவன் தப்பிச்சுக்கிறான் அண்ணே" என்று சொல்லிவிட்டு வெர்லினின் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொண்டான்.

வெர்லின் பதிலுக்கு ஏதோ உளறினான். உண்மையான காரணத்தை அவனால் எப்படிச் சொல்ல முடியும்? ஜோலியட்டிலிருந்து ஒகல்லாலாவுக்குப் பதினொரு மணி நேரத்தில் வரவே முடியாது. அதற்கு மேல் இன்னும் ஒன்றரை மணி நேரம் வேண்டும். ஆறு வருடமாக ஒவ்வொரு வியாழனும் அந்த ஒன்றரை மணியைப் பேனாவால் விழுங்கித்தான் அவன் அந்த மேசைக்கு வந்துகொண்டிருந்தான். சுதந்திரமாவது மண்ணாவது! பெட்டி வந்தால் வியாழக்கிழமை போய்விடும். அவன் பயம் அது ஒன்றுதான்.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் புல்லில் விழித்த பெண்ணிடம், உன்னோடு உட்கார்ந்து சாப்பிடச் சட்டத்தை மீறி ஓட்டி வருகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதனால் அரசாங்கத்தைத் திட்டினான். திட்டு வாங்கிப் பழகியது அரசாங்கம் ஒன்றுதான்.

அடுத்த வியாழன், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். ஒகல்லாலாவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கையில், காத்தன்பர்க் ஊர் வரும்போது பெட்டி கீச்சென்றது, இன்னும் பத்து நிமிடம்தான் என்று. வெர்லின் எரிச்சலோடு அங்கே இருந்த லாரி நிறுத்தத்துக்குள் திரும்பினான். நிறுத்தம் நிரம்பி வழிந்தது. பெட்டி வந்ததிலிருந்து எல்லோரும் நேரத்தோடு நிறுத்துகிறார்கள், இடத்துக்கு அடிதடி. கடைசி வரிசையில் அடுத்தடுத்து இரண்டு இடம் காலியாக இருந்தது. இருந்த கோபத்தில் அவன் லாரியைக் கோணலாகச் சொருகி இரண்டையும் அடைத்துக்கொண்டான். ஒன்றிரண்டு பேர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு ஆர்டிஸுக்குப் போன் செய்தான். இன்றைக்கு வரவில்லை, நீ சாப்பிடு என்றான். அவள் ஏன் என்று கேட்டாள். உடம்பு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தவன், அன்றைக்கு ஏனோ பொய் சொல்ல மாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"இனிமே என்னால அங்க வரமுடியாது ஆர்டிஸ். ஆறு வருஷமா திருட்டுத்தனமா எழுதித்தான் வந்தேன். அதனாலதான் அந்தப் பெட்டி மேல அவ்வளவு எரிச்சல்."

அந்தப் பக்கம் அவள் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "எங்க நிக்கிற?" என்று கேட்டாள். சொன்னான். போனை வைத்துவிட்டாள்.

வெர்லினுக்கு உலகமே கசந்தது. ஒன்றும் சாப்பிடப் பிடிக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து, இருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். அவளுடைய நீல லாரி, இடத்துக்காக வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து, அவன் மூக்குக்கு நேரே நின்றது. போன் அடித்தது.

"யோவ், யார் லாரி நிறுத்தக் கத்துக்குடுத்தது உனக்கு? எனக்கு அஞ்சு நிமிஷம்தான் பாக்கி. நேரா நிறுத்தி இடம் விடு."

அவன் திக்குமுக்காடிப் போனான். "நீ எப்படி இங்க?"

"சால்ட் லேக்லேர்ந்து ஒகல்லாலா வந்தா பதினோரு மணி நேரத்துல எனக்கு எப்பவும் ஒண்ணரை மணி நேரம் மிச்சம் இருக்கும். நீ அங்கதான் வருவேன்னு அங்க நிறுத்துனேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கேட்டியா? அந்தக் குழம்புக்காகவா வந்தேன்னு நினைச்சே?"

வெர்லின் எஞ்சினைக் கிளப்பினான்.

"மெதுவா," என்று அவள் எச்சரித்தாள். "நடக்கிற வேகத்துல உருட்டு. அஞ்சு மைல் வேகத்தைத் தாண்டினா பெட்டி ஓட்டினதா எழுதிடும். உன் பத்து மணி நேர ஓய்வு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

புதிதாகப் பெட்டி வாங்கியவர்கள் எல்லோரும் அந்த வாரம் செய்த தப்பு இது. யாருக்கோ வழிவிட நாலு கஜம் நகர்ந்து, எடுத்த ஓய்வையெல்லாம் தொலைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். வெர்லின் நத்தைபோல லாரியை உருட்டி, வளைத்து, கோட்டுக்குள் நேராகக் கொண்டுவந்தான். பக்கத்து இடத்தில் ஆர்டிஸ் வழுக்கிக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு நிமிடம் மிச்சம் என்று போனில் பெருமூச்சு விட்டாள்.

வெர்லின் மனக்கணக்குப் போட்டான். அவன் ஓய்வு ராத்திரி இரண்டரை மணிக்கே முடிந்துவிடும், சரக்கோடு கிளம்ப வேண்டும். அவள் எழுவது விடிகாலை நாலு மணிக்கு. இத்தனை வியாழனும் இப்படித்தான், அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவன் போய்விடுவான்.

முன்னால் வண்டிகள் போகும் வழி காலியாக இருந்தது. வெர்லின் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். லாரி திமிறிக்கொண்டு இருபது கஜம் பாய்ந்தது. பெட்டி பளிச்சென்று விழித்து, ஓட்டுகிறார் என்று எழுதியது. அவன் பின்னோக்கி வந்து, பழையபடி அவள் பக்கத்தில் நிறுத்தினான். உள்ளே இருப்பது உறைந்த இறைச்சி, அது எங்கேயும் ஓடிவிடாது.

ஆர்டிஸ் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! போச்சா? இனி நாலு மணி வரைக்கும் உன்னால நகர முடியாது, தெரியுமா?"

"தெரியும்," என்றான் வெர்லின். "சட்டம்னா சட்டம்தானே."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். புரிந்தபோது அவள் முகம் சிவந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் லாரியின் மூக்கில் சாய்ந்துகொண்டாள்.

"ஆறு வருஷமா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்," என்றான் அவன் இறங்கியபடி. "காலையில நீ என்ன சாப்பிடுவ?"

"முட்டை. ரெண்டு பக்கமும் நல்லா வேகணும்," என்றாள் ஆர்டிஸ். "அதோட இனிப்பு ரொட்டிய மட்டும் கொண்டு வந்து வைக்காத."