பத்தி நாற்பத்தொன்று

ஜம்புநாதன் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிவிட்டது. மத்திய சர்க்கார் அவரை விட்டாலும் அவர் ஃபைலை விடுவதாக இல்லை. தலைநகரில், துவாரகா ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜையை முழுசாக அடைத்துக்கொண்டு, குடும்ப வரலாற்றையே ஒரு ஃபைலாகப் போட்டிருந்தார். ஒரு பக்கம் குறிப்பு எழுதும் பச்சை நோட் ஷீட், மறு பக்கம் ஆதாரங்கள், பத்திக்குப் பத்தி எண்.

"ராஜாக்களுக்குத்தான் சரித்திரமா? குமாஸ்தாக்களுக்குக் கிடையாதா?" என்பார். லால்குடி ஸ்டேஷனில் தாத்தா புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்த தேதியை நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தவர். எதையும் விடவில்லை. பத்தி இருபத்தொன்பதில் இப்படி ஒரு குறிப்புகூட இருந்தது: '1974 மார்ச். என் சைக்கிளின் ஹாண்டில்பார் வளைந்திருந்தது. காரணம் தெரியவில்லை. கீழ் வீட்டுக்காரர் மேல் சந்தேகம்.'

ஞாயிற்றுக்கிழமை தம்பி ஜெயகிருஷ்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். அங்கே சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க முப்பது பிரதி வேண்டும். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி வியாழக்கிழமை காலை மனைவி சுந்தரவல்லியிடம் ஃபைலைக் கொடுத்தார்.

மத்தியானம் நோட் ஷீட்டின் கடைசித் தாள் மட்டும் திரும்பி வந்தது. அடியில் பென்சிலில் எழுதியிருந்தாள்: 'பத்தி 41 பார்க்கப்பட்டது. "மனைவி சுந்தரவல்லி. 1968இல் விவாகம். இல்லத்தரசி." முப்பத்தாறு வருஷத்துக்கு ஒரே வரி. விவரம் போதாது.'

ஜம்பு விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார்.

"சரி, நீயே சொல்லு. எழுதிக்கறேன்."

"நான் ஏன் சொல்லணும்? தாத்தாவுக்காக லால்குடி வரைக்கும் போனேளே, என்னையும் விசாரிச்சு எழுதுங்கோ. அதுவரைக்கும் ஃபைல் பெண்டிங்." பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஃபைலை வைத்து, பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் மனுஷர். காலை ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும் வல்லி தெரிந்தாள். மாலை ஆறு மணிக்குக் காப்பியோடு வரும் வல்லி தெரிந்தாள். ஒன்பதுக்கும் ஆறுக்கும் நடுவில் அவள் என்ன செய்தாள்? ஒன்றுமே தெரியவில்லை. அவருக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் பஸ் பிடித்து முனிர்கா போனார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பன்னிரண்டு வருஷம் எதிர்வீட்டில் இருந்த மல்ஹோத்ரா அம்மாள் இப்போது அங்கேதான் மகனோடு இருந்தாள்.

"அரே, ஜம்பு பாய்சாப்!" என்று வரவேற்றவள், வந்த விஷயத்தைக் கேட்டதும் மூச்சு முட்டச் சிரித்தாள். உள்ளே போய் ஒரு போட்டோவைக் கொண்டுவந்தாள். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானம். ஏழு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் ஜம்புவின் சைக்கிள். அதன் மேல் ஸல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, அவருடைய சுந்தரவல்லி!

ஜம்பு போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் பார்த்தார்.

அவர் ஆபீஸ் பஸ்ஸில் ஏறிய மறுநிமிஷம் சைக்கிள் வெளியே வந்துவிடுமாம். ஸல்வார் மல்ஹோத்ரா அம்மாளுடையது. வல்லி தானாக விழுந்து எழுந்து கற்றுக்கொண்டு, மற்ற ஏழு பேருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அதில் கமலா என்பவள் தினமும் சைக்கிளிலேயே போய் நர்ஸ் வேலைக்குப் படித்தாளாம். அம்மாள் இந்தியில் சொல்லச் சொல்ல, ஜம்பு குனிந்த தலை நிமிராமல் குறிப்பெடுத்தார்.

"வேப்பமரத்துல மோதி ஹாண்டிலை வளைச்சது நான்தான் பாய்சாப். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு வல்லி சத்தியம் வாங்கிட்டா!"

அன்று சாயங்காலமே மூன்று பக்கம் எழுதி, மேலே போட்டோவைக் குத்தி, மனைவியிடம் நீட்டினார். போட்டோவைப் பார்த்ததும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, இந்த ஸல்வாரை ஏன்னா எழுதினேள்? மாதங்கியோட மாமியார் படிப்பாளே!"

"படிக்கட்டும். நம்ம பொண்ணுக்கு எப்பேர்ப்பட்ட அம்மான்னு அவாளுக்கும் தெரியட்டும். ஆதாரத்தோட இருக்கு, நீக்க முடியாது."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்தாள். பத்தி இருபத்தொன்பதில் கீழ் வீட்டுக்காரரை ஜம்பு தன் கையாலேயே அடித்து நீக்கினார்.

"எல்லாம் சரி. ஆனா மத்த ஏழு பேர் பேரையும் எழுதலையே?"

"இது குடும்ப வரலாறு வல்லி. அவாள்லாம் நம்ம குடும்பமா?"

"ஒன்பதுலேர்ந்து ஆறு வரைக்கும் எனக்கு வேற யார் இருந்தா?"

ஜம்பு பேனா மூடியைக் கழற்றி, புதுத்தாள் ஒன்றை எடுத்து, மேலே 'குடும்பம் – தொடர்ச்சி' என்று எழுதினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். மல்ஹோத்ரா, கமலா, செங்கம்மாள், நிர்மல் கௌர்... சிலருக்கு ஊரும், சிலருக்கு எந்த முழங்காலில் காயம் என்பதும் அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. அவர் எதையும் விடாமல் எழுதினார்.

மறுநாள் ஜெராக்ஸ் கடையில் முப்பத்தேழு பிரதி எடுத்தார்கள்.