எத்தனாம் பக்கம்

கட்டைவிரல் மட்டும்தான் நகர்கிறது, இடதுகையில் இரண்டு ஊசிகள், அதை அசைக்கக் கூடாது, வலதுகையில் புத்தகம், பக்கத்தைக் கட்டைவிரலே நெம்பித் தள்ளவேண்டும், தாள் பாதி எழும்பி வளைந்து நிற்கும், திரும்புமா விழுமா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், பக்கத்தில் என் இரத்தம் குழாய் வழியே வெளியே போய் இயந்திரத்தைச் சுற்றிவிட்டு மறுபடி எனக்குள் வந்துகொண்டிருக்கும், நான்கு மணி நேரம், திங்கள், புதன், வெள்ளி, சிறுநீரகம் கெட்டுப்போன நாங்கள் பன்னிரண்டு பேர் காலை எட்டு மணிக்கே இப்படிக் கட்டப்பட்டுவிடுகிறோம், ஜன்னலில் தூத்துக்குடித் துறைமுகத்தின் கிரேன்களுடைய தலைகள் மட்டும் தெரியும், கடல் தெரியாது. எப்படி இருக்கிறீர்கள் என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை, எத்தனாம் பக்கம் என்றுதான் கேட்பது, அதைத் தொடங்கிவைத்தவள் ஜெசிந்தா, அடுத்த நாற்காலி, பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர், என்ன அண்ணாச்சி எத்தனாம் பக்கம், நூத்திப் பத்தும்மா, ஏ யப்பா, என்னா ஓட்டம், பிறகு எதிரே இருக்கும் லாரிக்கார இசக்கியப்பனிடம், நீங்க என்ன படிக்கிய, பஞ்சாங்கம்தான் டீச்சர், எனக்கு நல்ல நேரம்னு ஒண்ணு எங்கயாவது போட்டுருக்கானான்னு தேடுதேன், ஊசி குத்தும் சிஸ்டரே சிரித்துவிடுவாள்.

ஜெசிந்தா ஒருநாள் எழுநூறு பக்க நாவல் ஒன்றோடு வந்தாள், அன்று வாங்கிய புதுப் புத்தகம், ஒரு கையால் தாங்க முடியாத கனம், அடுத்த முறை பார்த்தால் அதைப் பிளேடால் முதுகோடு இரண்டாக அறுத்திருந்தாள், துணி வெட்டிய கை, ஒரு பிசிறு இல்லை, என் கையில் அன்று படிக்க ஒன்றுமில்லாததால் பின்பாதியை என்னிடம் நீட்டினாள், சும்மா இருக்கதுக்கு இதப் படிங்க, நான் மொதப் பாதிய முடிக்கதுக்குள்ள தந்துருங்க. முதலாளி கைவிட்ட ஒரு சரக்குக் கப்பல், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, கரை விளக்குகள் தெரிகின்றன, இறங்க அனுமதி இல்லை, அதில் ஒரு சமையல்காரன், கப்பல் அங்கே எப்படி வந்து மாட்டியது என்று அவள் எனக்குச் சொல்வாள், குடிதண்ணீரை எப்படி அளந்து ஊற்றுகிறார்கள் என்று நான் அவளுக்குச் சொல்வேன், ஆளுக்கு மூன்று குவளை, நமக்கு டாக்டரு அதுகூடக் குடிக்க விடலியே அண்ணாச்சி என்று காய்ந்த உதட்டைத் தடவிக்கொள்வாள், இயந்திரத்தின் முனகலில் எனக்குக் கண் சொருகும், நாற்காலி லேசாக ஆடும், நான் அந்தத் தளத்தில் குவளையோடு வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் ஜெசிந்தா, அவளுக்கு முன்னால் இசக்கியப்பன், கரை கூப்பிடு தூரம்தான், கூப்பிட்டால் யாருக்கும் கேட்பதில்லை.

முடிவை மட்டும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தவள் ஒரு திங்கட்கிழமை அவளே கேட்டாள், தம்பியின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்துமா என்ற பரிசோதனை முடிவு புதன்கிழமை வர இருந்தது, அந்த சமையல்காரன் கரை ஏறிட்டான்னா எனக்கும் சேந்துரும்னு மனசுக்குள்ள நெனச்சிட்டேன், கிறுக்குத்தனந்தான், சொல்லுங்க, ஏறுதானா இல்லியா. அன்று காலைதான் நான் முடித்திருந்தேன், மீட்க வந்த படகில் ஓரிடம் குறைகிறது, அவன் ஏறுவதில்லை, கடைசி ஆறு தாளும் தனியே நிற்கும் அவன்தான், ஏறிட்டாம்மா என்றேன், மணல்ல கால வச்சதும் தள்ளாடுது, அப்படியே உக்காந்துட்டான். கால் தள்ளாடுமோ, என்று கேட்டுக் கண்ணை மூடிச் சிரித்தாள்.

பொருந்திவிட்டது. காகிதமெல்லாம் முடிந்து ஒரு மாதத்தில் மதுரையில் அறுவைச் சிகிச்சை, அங்கே படுத்துக்கொண்டு படிக்கப் பின்பாதி வேண்டும் என்றாள், அவள் இங்கே வந்த கடைசி வெள்ளிக்கிழமை கொண்டுவந்தேன், முந்தின நாள் வீட்டில் அந்த ஆறு தாளையும் கிழித்து எடுத்துவிட்டு, புஸ்தகம் உதிர்ந்துபோச்சும்மா, கடைசி கொஞ்சம் இல்ல, நாந்தான் சொல்லிட்டேனே. அவள் கிழிந்த ஓரத்தில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினாள், பிளேடு வெட்டு எது, கைக் கிழிசல் எது என்று அவளுக்கா தெரியாது, வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத புத்தகம், என்னைப் பார்க்கவில்லை, ஆமா, உதிரத்தான் செய்யும், நீங்க சொன்னதே போதும் அண்ணாச்சி, என்று முன்பாதியை என் மடியில் வைத்தாள், நீங்க இனி மொதல்லருந்து ஆரம்பிங்க.

இன்று திங்கள், அவளுக்கு எட்டு மணிக்கு அறுவை, முடிந்ததும் தம்பி மனைவி சிஸ்டரைக் கூப்பிடுவதாகப் பேச்சு, பதினொன்றரை ஆகிவிட்டது, சிஸ்டரின் மேசை மேல் கைப்பேசி சும்மா கிடக்கிறது, ஜெசிந்தாவின் நாற்காலியில் புதிதாக ஒருவர், இசக்கியப்பன் அவருக்கு வழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டார் போல, தயங்கித் தயங்கி என்னைக் கேட்கிறார், எத்தனாம் பக்கம் சார், மூணு, அவ்ளோதானா, காலையிலருந்தா, காலையிலருந்துதான். மூன்றாம் பக்கத்தில் சமையல்காரன் துறைமுகத்தில் நிற்கிறான், தோளில் தகரப் பெட்டி, தங்கச்சி பிள்ளைகளுக்குக் கையசைக்கிறான், ஏணி இறக்கியாகிவிட்டது, அடுத்த பக்கத்தில் கப்பலில் ஏறிவிடுவான், மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பப் பார்க்கிறது, கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்திருக்கிறேன், விரல் மரத்துப்போய்விட்டது, எடுக்கமாட்டேன், அந்தக் கைப்பேசி அடிக்கிறவரை அவன் கரையிலேயே நிற்கட்டும்.