பண்டேலேயின் வண்டிமேல் கொட்டிய பனி

கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள் இருந்தும் பிரேய்லா நகரத்தில் யாருக்கும் கிறிஸ்துமஸ் நினைப்பே இல்லை. கிரிவெட்ஸ் காற்று வடகிழக்கிலிருந்து கிளம்பி வந்து ஊரை மூடிவிட்டது. கரண்ட் போயிற்று, அதோடு லிஃப்ட் போயிற்று, சுவரோரம் ஓடும் ஹீட்டர் குழாய்கள் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்துபோயின. இறைச்சியை முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிச் சமைத்துப் பால்கனியில் வைத்த சர்மாலே உறைந்துபோய், பானைக்குள் கரண்டியே இறங்கவில்லை. அக்லாயாவுக்கு இதில் எதுவும் கவலை இல்லை. அவளுக்கு ஒரே கவலை, நாலாவது மாடியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் கோஸ்மா.

கோஸ்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். போன தடவை பனியால் போக முடியவில்லை. கால் வீங்கி, முகம் வீங்கி, படுத்தால் மூச்சடைக்கிறது என்று இரவு முழுக்க உட்கார்ந்தே இருந்தார். இன்றைக்கும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்கம்மா. ஜெனரேட்டர் ஓடுது, மெஷின் இருக்கு. ஆம்புலன்ஸ்தான் வராது" என்றாள் நர்ஸ். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்லாயாவுக்கு விளங்காமல் இல்லை. அந்தப் பேச்சோடு போனும் செத்துப்போனது.

ஒரே ஒரு வழி இருந்தது. அக்லாயாவின் தங்கை மகன் ரேமுஸ் நகராட்சியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான். காலையில் அவனே மாடியேறி வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"பெரியம்மா, மத்தியானம் உங்க தெரு வழியா ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் கொண்டு போறேன். ஒரே தடவைதான். என் வண்டிக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்துடுங்க. நடுவுல நின்னுடாதீங்க. இந்தக் காத்துல கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள ரோடு மூடிடும். நான் பின்னாடி திரும்பிப் பாக்க மாட்டேன், நின்னா எனக்கும் வண்டி கிளம்பாது."

"நீ வந்தா போதும்டா ராசா. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்லாயா.

மற்றது என்பது கொஞ்சநஞ்ச வேலை இல்லை. முதலில் வண்டியைத் தோண்டி எடுக்க வேண்டும். பிறகு கனத்த உடம்புக்காரரான கோஸ்மாவை நாலு மாடி இறக்க வேண்டும். கட்டடத்தில் தூக்குகிற தெம்புள்ள ஆம்பிளைகள் எல்லாரும் இத்தாலியில் கூலி வேலையில் இருந்தார்கள். மிச்சம் இருந்தது பண்டேலே ஒருவர்தான். டாக்சி ஓட்டி ஓய்ந்தவர், அறுபதைத் தாண்டினாலும் மாடு மாதிரி உடம்பு. அவரோடு அக்லாயாவுக்குப் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷம் ஆகிறது.

சண்டை ஒரு நாற்காலியால் வந்தது. இந்த ஊரில் பனி வாரி வண்டிக்கு இடம் பண்ணினவன் அங்கே ஓர் உடைந்த நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். பனி கரையும்வரை அந்த இடம் அவனுடையது. சட்டத்தில் இல்லை, ஆனால் சட்டத்தை மீறுகிறவன்கூட நாற்காலியைத் தொடமாட்டான். அக்லாயா தொட்டாள். போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து கோஸ்மாவோடு திரும்பியபோது வேறு இடம் இல்லை. பண்டேலேயின் நாற்காலியைத் தூக்கி ஓரமாக எறிந்துவிட்டு வண்டியை நிறுத்தினாள். அதைப் பண்டேலே ஊர் பூராவும் சொல்லித் தீர்த்துவிட்டார்.

இப்போது அவளுடைய பழைய டாச்சியா காருக்குப் பக்கத்திலேயே அவருடைய டாக்சி நின்றது. இரண்டும் கட்டடத்தைப் பார்த்து மூக்கு, ரோட்டைப் பார்த்து பின்பக்கம். வீடு குளிர்ந்துபோனதிலிருந்து பண்டேலே பகலெல்லாம் வண்டிக்குள்தான். எஞ்சினைப் போட்டு, ஹீட்டரைப் போட்டு, ரேடியோவில் கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டுக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். அக்லாயா மண்வெட்டியோடு போய்க் கண்ணாடியைத் தட்டினாள். மானத்தை விழுங்கிக்கொண்டுதான் தட்டினாள்.

"அண்ணே, மத்தியானம் கோஸ்மாவைக் கீழ இறக்கணும். கொஞ்சம் கை குடுங்க."

பண்டேலே கண்ணாடியை ரெண்டு விரல் அளவுக்கு இறக்கினார். "என் நாற்காலியைத் தூக்கி எறிஞ்ச கை இருக்கே, நல்ல பலமான கை. அதாலயே தூக்குங்க."

"இந்த நேரத்துலயாண்ணே அதைப் பேசறது?"

"வேற எந்த நேரத்துல பேச? வருஷம் பூரா நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறீங்களே." கண்ணாடி ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாப்பிட மேலே போய்விட்டார்.

அக்லாயாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தோண்ட ஆரம்பித்தாள். வாரும் பனியை எங்கே போடுவது? ஒரு பக்கம் குப்பைத்தொட்டிச் சுவர். ரோட்டில் போட்டால் காற்று திருப்பி அவள் முகத்திலேயே அடித்தது. பண்டேலேயின் வண்டிக்குப் பின்னால் வசதியாக ஒரு பள்ளம் கிடந்தது. முதல் வாரலை அங்கே போட்டபோது வேறு வழியில்லாமல் போட்டாள். அதற்குப் பிறகு வழி இருந்தும் அங்கேயே போட்டாள். பம்பர் மறைந்தது, நம்பர் பலகை மறைந்தது, பின்கண்ணாடி வரை பனி ஏறியது. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அடித்து அடித்துக் கெட்டியாக்கினாள். முதுகு விட்டுப்போனாலும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

மேலே வந்தபோது கோஸ்மா ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தேன்டி. கல்லறை கட்டிட்ட அவன் வண்டிக்கு."

"சாப்பிட்டுட்டு வந்து தோண்டட்டும். உடம்பு இளைக்கும்."

அவளும் சிரித்தாள். மூச்சு போதாமல் கோஸ்மாவுக்குச் சிரிப்பு இருமலாக மாறியது, ஆனாலும் நிறுத்தவில்லை. அந்த வாரத்தில் இருவரும் சிரித்தது அப்போதுதான்.

கதவு தட்டப்பட்டது. பண்டேலே நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை, அக்லாயாவைப் பார்க்கவும் இல்லை.

"எனக்கு உம்பேர்ல ஒண்ணும் கோபம் இல்ல கோஸ்மா. முதுகுல ஏறு."

"நான் கனப்பேன்டா."

"முப்பது வருஷம் என் டாக்சியில எத்தனை குடிகாரனைத் தூக்கியிருக்கேன். நீயாவது வாந்தி எடுக்க மாட்ட. ஏறு."

நாலு மாடியும் சுமந்தார். திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு விட்டுக்கொண்டார். அக்லாயா போர்வையோடு பின்னால் இறங்கினாள். நன்றி சொல்ல வாய் வரவில்லை. இறங்கியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். கோஸ்மாவை முன்சீட்டில் உட்கார வைத்தபோது பண்டேலேயின் சட்டை வியர்வையில் நனைந்து, காற்றுப் பட்டதும் விறைத்துப்போனது. தன் வண்டியின் பின்பக்கத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார்.

"நீங்க கிளம்புங்க. வர்ற வரைக்கும் உங்க இடத்தை நான் இங்கயே இருந்து பாத்துக்கறேன். நாற்காலியை நம்ப முடியாது, இந்தத் தெருவுல தூக்கி எறியற ஆளுங்க இருக்காங்க" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினைப் போட்டார்.

கோஸ்மாவைப் போர்வையால் சுற்றிவிட்டு, தெருமுனையையே பார்த்தபடி அக்லாயா கால்மணி நேரம் காத்திருந்த பிறகுதான் அங்கே ரேமுஸ் லாரியின் மஞ்சள் விளக்கு சுழன்றது. அக்லாயா ஓடிப்போய் தன் வண்டியின் சைலன்சர் வாயை மட்டும் கையால் வழித்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். லாரி இரண்டு பக்கமும் பனியை வாரி இறைத்துக்கொண்டு கடந்தது. அவள் பின்னால் எடுத்து, திருப்பி, அதன் தடத்தில் இறங்கினாள். சக்கரம் பிடித்தது. "மாதாவே" என்றாள், கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்போதுதான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். பண்டேலேயின் வண்டியில் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடுகிறது. புகை எங்கே? காலையெல்லாம் கரியாகக் கக்கிக்கொண்டிருந்த அந்தக் கிழட்டு டீசல் வண்டிக்குப் பின்னால் ஒரு துளிப் புகை இல்லை. அவள் அடித்துக் கெட்டியாக்கிய பனி மட்டும் இருந்தது. கொஞ்சம் முன்னால் தன் கை எதை வழித்தது என்று நினைத்துப் பார்த்தாள். வெளியே போகிற புகை வெளியே போகாவிட்டால் எங்கே போகும் என்று இந்த ஊரில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது ஒருவன் ஹீட்டர் கதகதப்பில் தூங்கி, தூங்கியபடியே போய்ச் சேருவான்.

ஹாரனை அழுத்தினாள். காற்று அதைத் தின்றுவிட்டது. லாரிக்கும் கேட்கவில்லை, பண்டேலேக்கும் கேட்கவில்லை.

"ஏன் மெதுவா போற? விட்டுடுவான்டி" என்றார் கோஸ்மா.

இறங்கியிருப்பார், பார்த்திருப்பார், பழைய டிரைவர், அவருக்குத் தெரியாதா என்று மனசு சொல்லிப் பார்த்தது. லாரி தூரம் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டினாள். பக்கக் கண்ணாடியில் வைப்பர் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு அவள் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

ஓடினாள். முழங்கால் வரை பனி. டாக்சிக் கதவை இழுத்தபோது உள்ளேயிருந்து வெப்பமும் பாட்டும் வந்தன. பண்டேலே ஸ்டியரிங் மேல் கன்னத்தை வைத்துக் கிடந்தார், முகம் நல்ல சிவப்பு. சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, மாறி மாறி அறைந்தாள். "எந்திரிடா! எந்திரிச்சுத் தொலைடா!" என்று கத்தினாள். அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு புரண்டு பனியில் வாந்தி எடுத்தார்.

நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தாள். மஞ்சள் விளக்கு இல்லை. லாரி போன தடத்தைக் காற்று மெழுகிவிட்டிருந்தது. நடுரோட்டில் நின்ற அவள் வண்டியின் சக்கரங்கள் பாதிக்கு மேல் புதைந்துவிட்டன.

பண்டேலே எழுந்து உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். தன் வண்டியைப் பார்த்தார். பின்னால் குவிந்த பனியையும் அதன்மேல் வரிவரியாகப் பதிந்த மண்வெட்டி அடியையும் பார்த்தார். பிறகு ரோட்டில் நின்ற டாச்சியாவைப் பார்த்தார்.

"ஏம்மா நின்ன?"

"போயிருக்கணும்" என்றாள் அக்லாயா. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள்.

திரும்பிப் போய் கோஸ்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எஞ்சினை உறுமவிட்டு வண்டியை முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்தாள். சக்கரம் சும்மா சுற்றியது. கோஸ்மாவின் மூச்சு விசில் அடித்தது.

"இருக்கானா?"

"இருக்கான்."

"அப்ப சரி" என்றார் கோஸ்மா.

அவருக்குச் சரி. அவளுக்குச் சரியாக இல்லை. அந்தப் பக்கக் கண்ணாடியை நான் ஏன் பார்த்தேன் என்று நினைத்தாள். அந்த ஆள் பாட்டு கேட்டுக்கொண்டே போய்த் தொலைந்திருக்கக் கூடாதா என்றும் நினைத்தாள். தப்பு யார் கையால் நடந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால் வெறுப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பண்டேலே அவளுடைய மண்வெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு தள்ளாடி வந்தார். டாச்சியாவுக்குப் பின்னால் போய் முதலில் சைலன்சரைச் சுற்றி வாரினார். பிறகு முன்னால் வந்து ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் தோண்ட ஆரம்பித்தார். ஒரு வாரல் எறிந்தால் ஒன்றரை வாரல் திரும்பி வந்தது. நடுவில் குனிந்து வாந்தி எடுத்தார், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி தோண்டினார்.

"பைத்தியக்காரன். ஆஸ்பத்திரி வரைக்கும் தோண்டப் போறானா?" என்றார் கோஸ்மா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சுக்காகக் காத்திருந்தார். "உள்ள கூப்பிடுடி. கொஞ்சம் உக்காரட்டும். விறைச்சுச் செத்துடுவான்."

அக்லாயா கோஸ்மாவின் வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே அந்த முதுகு குனிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோண்டட்டும்" என்றாள்.