அவளுடைய டிசம்பர்

...சிரித்தாளே, தனியாகச் சிரித்தாளே, காலையில் அவன் ஒற்றைச் சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தேடி வீடு முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீரை ஊதியபடி, யாரோ காதுக்குள் ஏதோ சொல்லிவிட்டுப் போனது போல ஒரு சிரிப்பு. என்ன என்று கேட்டதற்கு "ஒண்ணும் இல்லங்க" என்றாள். ஒன்றும் இல்லாததற்கு யாராவது சிரிப்பார்களா? கல்யாணமாகி இருபது வருடத்தில் எந்த டிசம்பரில் அவள் சிரித்திருக்கிறாள், டிசம்பர் பிறந்தாலே அவளுக்குச் சாமி வந்த மாதிரிதான், திரைச்சீலைகளைக் கழற்றித் துவைப்பாள், பரண் மேல் ஏறி அட்டைப்பெட்டிகளை இறக்குவாள், பள்ளி அலுவலகத்தில் வேலை முடித்து வந்து நடுராத்திரி வரை மாவு பிசைவாள், யார் குறுக்கே போனாலும் வள்ளென்று விழுவாள், கடைசியில் கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேஜையிலேயே தலை சாய்ந்து தூங்கிப்போவாள். இந்த வருடம் சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு, "இந்தத் தடவை எதையும் தலையில தூக்கிப் போட்டுக்கப் போறதில்லங்க, கேக் பேக்கரியில சொல்லிட்டேன், சொந்தக்காரங்களுக்கும் சொல்லிட்டேன், பையனோட சேத்து நாம மூணு பேர் மட்டும்தான்" என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை... "ஐயா, வலிக்குதுங்க" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த பெண். அப்போதுதான் கவனித்தான், அந்தப் பெண்ணின் காலை, பொருந்தாத ஷூவுக்குள் பலம் கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டிருந்தான்.

மன்னிப்புக் கேட்டு வேறு அளவு எடுத்துக் கொடுத்து அனுப்பினான். கடை நிரம்பி வழிந்தது, பண்டிகைக்குப் புதுச் செருப்பு, புது ஷூ, குழந்தைகளின் அழுகை, தரை முழுக்க மெல்லிய காகிதம், இவனோ காலையிலிருந்து முட்டி போட்டே நகர்ந்துகொண்டிருந்தான், ஊரில் உள்ளவர்களின் கால்களையெல்லாம் தொட்டாகிவிட்டது, ஒரு முகமும் நினைவில் இல்லை. கல்லாவில் இருந்த குண்டர், குண்டர் என்று அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர், "வீட்டுக்காரம்மா லீவாமே, கொடுத்து வச்சவர்யா நீங்க, சுடச்சுடச் சாப்பாடு" என்றார். "எங்க, நேத்து ராத்திரி ரொட்டியும் ஜாமும்தான். கேட்டா பசிக்கலையாம். ஆனா ரொம்ப சந்தோஷமா இருக்கா" என்று இவன் சொன்னான், குரலில் எவ்வளவு மறைத்தும் கடைசி வார்த்தை கசந்துகொண்டுதான் வந்தது. குண்டர் சில்லறையை எண்ணியபடியே, "காரணம் இல்லாம சந்தோஷமா இருந்தா காரணம் வெளியில இருக்குன்னு எங்க அண்ணன் சொல்லுவார்" என்றார். "உங்க அண்ணனுக்கு அனுபவம் ஜாஸ்தியோ?" "ரெண்டு கல்யாணம்." குண்டர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார், அவருக்கென்ன, தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டார், வைக்கோல் போர் யாருடையது?

வெளியில் இருக்கிற காரணம்... யார்? பாட்டு மாஸ்டரா? கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர், கழுத்தில் எப்போதும் ஒரு மப்ளர், விரல்கள் பெண்பிள்ளை விரல்கள் மாதிரி, போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்து வெளியே வந்தபோது "உங்க குரல் இந்த வருஷம் இறங்கி வந்து உக்காந்திருக்கும்மா" என்று அவளிடம் சொன்னார், குரல் எங்கே இறங்கும், எங்கே உட்காரும், இவன் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு குத்துக்கல்லாக நின்றிருந்தான், அவள் முகம் சிவந்ததா, வெயிலா... வீட்டில் பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்கிறாளே, அது ஒத்திகைப் பாட்டா, இல்லை வேறு ஏதாவதா? மதியத்தில் போன் செய்தால் எடுக்க அவ்வளவு நேரம் ஆகிறதே, சின்ன வீடு, நாலு எட்டு வைத்தால் போனுக்கு வந்துவிடலாம், அவ்வளவு நேரம் என்ன செய்கிறாள்? இவன் எழுந்தான். முதலாளியிடம் போய்ப் பல்வலி என்றான், உயிர் போகிறது என்றான். கிறிஸ்துமஸ் வாரத்தில் அரை நாள் கேட்பவனை முதலாளி பார்த்த பார்வையில் நிஜமாகவே ஒரு பல் ஆடியிருக்கும். "போங்க, போங்க, ஆனா நாளைக்கு மூஞ்சி வீங்காம வரணும்."

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது, அதுவே அதிசயம், நட்ட நடுப்பகலில் இந்த ஊரை அவன் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது. கடைவாசல்களில் வெளிச்சமில்லாமல் தொங்கும் வண்ண விளக்குகள், பகலில் பார்த்தால் வெறும் ஒயர், நடைபாதையில் ஒரு கிழவர் நாயோடு நிழலைப் பகிர்ந்துகொண்டு நின்றார். இந்தப் பகலெல்லாம் அவளுக்குத்தான், அவனுக்குத் தெரியாத ஒரு பகல் தினமும் அவன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது... சீ, என்ன நினைப்பு இது, நல்ல பெண்டாட்டி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து வீட்டை ஓட்டியவள், பையனை விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கிறவள், அவளைப் போய்... ஆனால் நல்லவள் என்றால் ஏன் சொல்லக் கூடாது, எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று சொல்லிவிட்டுச் சந்தோஷப்படலாமே, ஒரு வாய் நமக்கும் ஊட்டினால் குறைந்தா போகும்? கையும் களவுமாகப் பிடித்தால் என்ன செய்வது? மப்ளரைப் பிடித்து இழுப்பதா? இழுத்து? அந்த ஆள் இவனைவிட உயரம். அதற்கு மேல் யோசனை ஓடவில்லை, பேருந்தும் நின்றுவிட்டது.

தெரு அடங்கிக் கிடந்தது. மற்ற வீடுகளில் மாடியிலிருந்து வாசல் வரை விளக்கு, பஞ்சு, மணி என்று ஒன்று விடாமல் தொங்க, இவன் வீட்டில் மட்டும் ஒரே ஒரு காகித நட்சத்திரம், அதுவும் கொஞ்சம் சாய்ந்து. கதவைச் சத்தமில்லாமல் திறக்கத் தன் வீட்டு வாசலிலேயே திருடன் மாதிரி மூச்சை அடக்கினான், அப்புறம் மனம் மாறி ஜன்னல் பக்கமாகப் போனான். உள்ளே அவள் இருந்தாள். நாற்காலியில் சாய்ந்து, கால் இரண்டையும் எதிர் நாற்காலியில் நீட்டி, அது அவனுடைய நாற்காலி, மடியில் ஒரு ஆரஞ்சுப் பழம் பாதி உரித்தபடி, அடுத்த சுளையை எடுக்க எந்த அவசரமும் இல்லாமல். பாட்டு இல்லை, போன் இல்லை, புத்தகம் இல்லை. மேஜை மேல் இரண்டு தேநீர்க் கோப்பைகள். இரண்டு! யார் குடித்தது, எங்கே அந்த ஆள்?

உள்ளே பாய்ந்துவிட்டான். அவள் பதறி எழுந்தாள், ஆரஞ்சு உருண்டு மேஜையடிக்குப் போனது. "ஐயோ, என்னங்க, இந்நேரத்துல? கடையில ஏதாவது பிரச்சனையா?" இவன் படுக்கையறைக்குப் போனான், குளியலறைக் கதவைத் தள்ளினான், பின்பக்கம் எட்டிப் பார்த்தான், திரைச்சீலையைக்கூட விலக்கிப் பார்த்தான், துவைக்காத திரைச்சீலை, கையில் தூசிதான் ஒட்டியது. "எதைத் தேடுறீங்க?" "பல்வலி மாத்திரை." "அது சமையலறையில இருக்கு, திரைக்குப் பின்னாலயா இருக்கும்?" இவன் திரும்பிக் கோப்பைகளைக் காட்டினான், குரல் எங்கிருந்தோ வந்தது, "யாரு வந்தாங்க?" அவள் கோப்பைகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "ஒண்ணு காலையில குடிச்சது. கழுவச் சோம்பலா இருந்துச்சு, வேற ஒண்ணு எடுத்துக்கிட்டேன். நீங்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் கழுவிடுவேன்" என்றாள். மப்ளரும் பெண்பிள்ளை விரல்களும் அந்தக் கணமே செத்துவிழுந்தன. நிம்மதி வர வேண்டும் இப்போது, வரவேண்டிய இடம் அதுதான், ஆனால் வரவில்லையே... எவனாவது இருந்திருந்தால்கூட, ஒரு எதிரி, ஒரு முகம், ஒரு சட்டையாவது பிடிக்கக் கிடைத்திருக்குமே.

அவள் அதற்குள் மாறிவிட்டிருந்தாள். அதைத்தான் அவன் பார்த்தான், அதைப் பார்த்திருக்கவே வேண்டாம். முந்தானையைச் செருகிக்கொண்டு, கோப்பைகளைக் கையிலெடுத்து, "உக்காருங்க, சாப்டீங்களா, வெந்நீர் வைக்கவா, உப்பு போட்டுக் கொப்பளிங்க" என்று பேசிக்கொண்டே நடந்தாள், இருபது வருடத்து டிசம்பர் மொத்தமும் ஒரே நொடியில் அவள் தோளில் வந்து ஏறிக்கொண்ட மாதிரி. "நீ உக்காரு" என்றான். "பரவால்லங்க." "உக்காருன்னு சொல்றேன்ல." உட்கார்ந்தாள், நாற்காலியின் விளிம்பில், கூப்பிட்டால் எழ வசதியாக. இவன் எதிரே உட்கார்ந்தான், இருக்கையில் அவள் கால் வைத்திருந்த சூடு இன்னும் இருந்தது. அவள் பாதங்கள் தரையில் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன. ஊரார் கால்களையெல்லாம் பார்க்கிறவன் இந்தக் கால்களைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? டிசம்பர் என்றால் வீங்கி, குதிகால் வெடித்து, விரலிடுக்கில் மாவு காய்ந்து கிடக்கும் பாதங்கள், இப்போது வீக்கமெல்லாம் வடிந்து, குதிகால் மென்மையாக, யாரோ சின்னப் பெண்ணின் கால் மாதிரி... யார் இதைச் செய்தது? அவன் செய்யவில்லை.

"நாள் முழுக்க என்னதான் பண்ற?" என்று கேட்டான், கோபமாகக் கேட்க நினைத்தது கெஞ்சலாக வந்தது. "ஒண்ணும் பண்ணலங்க. சும்மா உக்காந்திருக்கேன். வெயில் அந்தச் சுவத்துல இருந்து இந்தச் சுவத்துக்கு வருது, பாத்துட்டிருக்கேன். பையன் வரப்போறான்னு நெனச்சுக்குவேன். பாட்டு ஏதாவது வாய்ல வரும்." "காலையில எதுக்குச் சிரிச்ச?" அவள் யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள். "சிரிச்சேனா?" "நாளைக்கு நானும் லீவு போடட்டா? ரெண்டு பேருமா சும்மா உக்காருவோம்." பதில் வந்துவிட்டது, "போடுங்களேன், உங்களுக்கும் ஓய்வு வேணும்ல" என்றாள், முகம் நிறையப் பிரியத்தோடுதான் சொன்னாள், ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது, ஒரு மூச்சு, அவ்வளவுதான், அதற்குள் அவள் கண் அனிச்சையாக அந்தச் சுவர் வெயிலைப் போய்த் தொட்டுவிட்டு வந்தது, ஊருக்குப் போகிறவர்கள் வீட்டைக் கடைசியாக ஒரு தடவை பார்ப்பார்களே, அப்படி.

இவன் எழுந்தான். "முடியாது, கடையில ஆள் இல்ல. இப்பவே திரும்பப் போகணும், மாத்திரைக்குத்தான் வந்தேன்." "பல்வலியோடயா? கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போகலாம்ல?" "விட்டுருச்சு." அவள் வாசல் வரை வந்தாள், சட்டைக் காலரைச் சரிசெய்தாள், கை சூடாக இருந்தது, ஆரஞ்சு வாசனை. கேட்டைத் தாண்டி நடந்தான், திரும்பிப் பார்த்தால் அவள் முகம் தெரியும், பிரிகிற முகமா, விடுபட்ட முகமா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும், கழுத்து திரும்பத்தான் துடித்தது, அவன் திரும்பவில்லை. கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது, மெதுவாக. தெருமுனையில் வந்து நின்றான். கடைக்கும் போக முடியாது, பல்வலிக்காரன். வீட்டுக்கும் போக முடியாது, வேலைக்காரன். இந்நேரம் காலை நீட்டியிருப்பாள், மேஜையடியிலிருந்து ஆரஞ்சை எடுத்துத் துடைத்திருப்பாள், வெயில் கொஞ்சம் நகர்ந்திருக்கும்... இவ்வளவு நாளாய் யார் மேல் பொறாமை, அவள் யாரோடு இருக்கிறாள் என்றா, இல்லை... அவனுக்கும் அங்கேதான் போய் உட்கார வேண்டும் போல் இருந்தது, அந்த அறையில், அந்த வெயிலில், ஆனால் அவன் உள்ளே நுழைந்ததும் அது அந்த அறையாக இருக்காதே, பிறகு எப்படி?