சோப்பு போட்டுத் துடைத்த வில்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் இறுக்கிப் பிடிக்கத் தெரியவில்லை. கதவுக் கைப்பிடியானாலும் சரி, கட்டினவள் கையானாலும் சரி, தொட்டும் தொடாமலும்தான். மரவாடியில் ரம்பம் இழுத்தே தலை நரைத்த பெரியவருக்கு இது பெரிய எரிச்சல். வீட்டு முன்னறையில் மருமகள் அதையே வயலின் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது அதைவிடப் பெரிய எரிச்சல்.

“கட்டைவிரலை மடக்குங்க. சுண்டுவிரல் வில்லு மேல சும்மா உக்காரணும். அமுக்காதீங்க, கை கனத்துலயே போகட்டும்.”

மாதக்கணக்கில் இதே பாட்டுத்தான். வயலினில் இடது கை விரலை வைக்கவே விடமாட்டாள். வெறும் தந்தியில் வில்லை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குண்டான மருந்துக்கடைக்காரர் வியர்க்க வியர்க்க இழுப்பார். அக்காள் தங்கை இருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே இழுப்பார்கள்.

அன்று இசைப்பள்ளித் தலைமையம்மா வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் மருமகளுக்கு அங்கே நிரந்தர வேலை. மகன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதிலிருந்து அவளை நம்பித்தான் குடும்பம். காலையில் ஒரு பள்ளிக்கூடம், மத்தியானம் யார் வீட்டிலோ பாடம், சாயந்தரம் இந்த வகுப்பு என்று அலைந்து அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது.

பெரியவரும் தன்னால் ஆனதைச் செய்தார். முன்னறையைப் பெருக்கினார். சுவரில் தொங்கிய வகுப்பு வில்களைப் பார்த்தார். வில்லில் கட்டிய குதிரைமுடியெல்லாம் வெள்ளைத் தூள். வருகிறவள் பார்த்தால் என்ன நினைப்பாள்? பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து, ஒன்று விடாமல் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே காயவைத்தார்.

தலைமையம்மா வந்து உட்கார்ந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. மருந்துக்கடைக்காரர் வில்லை இழுத்தார். சத்தமே இல்லை. அக்காளும் தங்கையும் இழுத்தார்கள். அதுவும் ஊமை. மருமகள் ஒரு வில்லை வாங்கி முகர்ந்தாள். எலுமிச்சை வாசம்.

“மாமா, இதைத் தொட்டீங்களா?”

“அழுக்கா கிடந்துச்சு. துடைச்சேன்.”

“அது அழுக்கில்ல மாமா, பிசின் தூள். அது இருந்தாத்தான் முடி தந்தியைப் பிடிக்கும். மறுபடி தேச்சு ஏத்த ரொம்ப நேரமாகும்.”

அவள் கத்தியிருந்தால்கூட அவருக்குத் தேவலை. கத்தவும் அவளுக்குத் தெம்பில்லை. வில்லைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு வகுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

“சத்தம் வராட்டி பரவால்ல. இழுங்க. நான் கையை மட்டும் பாக்குறேன்.”

இழுத்தார்கள். கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. தலைமையம்மா எழுந்து ஒவ்வொரு வலக்கையாகக் குனிந்து பார்த்தார்.

“சத்தம் வரலன்னா புதுசா கத்துக்கிறவங்க வில்லைப் போட்டு அமுக்குவாங்கம்மா. இவங்கள்ல ஒருத்தர்கூட அமுக்கல. திங்கக்கிழமை வந்துடுங்க. புதுசா சேர்றவங்க எல்லாம் உங்க வகுப்புக்குத்தான்.”

மருமகள் தலையாட்டினாள். சந்தோஷத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல் நாற்காலியில் சரிந்தாள்.

“பெரியவரே, இன்னிக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரங்க நிம்மதியா இருந்திருப்பாங்க,” என்றார் மருந்துக்கடைக்காரர். “என் வில்லை மட்டும் தினமும் துடைச்சுடுங்க.”

பெரியவர் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டினார்.

“சத்தமே போடாததுக்கு உத்தியோகமாம்,” என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். “திங்கக்கிழமை வரட்டும், பாப்போம்.” படியிறங்கித் தெருவோடு நடந்தார்.