என் வாசல் மேட்டில் இரண்டாவது கியர்

1

இந்தக் கதையை எழுத எனக்கு எந்த ஆசையும் இருக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிக்கொண்டிருந்தது வேறு கதை. கடலோரத்தில் நடக்கிற கதை, கலங்கரை விளக்கம்கூட உண்டு. அதில் இரண்டாவது பத்தியைத் தாண்ட முடியவில்லை. காலையில் நான் மேசைக்கு வந்து உட்கார வேண்டியதுதான், ஒரு பழைய வெள்ளைக் கார் எங்கள் தெரு மேட்டில் முக்கி முக்கி ஏறி, சொல்லிவைத்தாற்போல் என் வாசலுக்கு முன்னால் வந்து, ஒரு குலுக்குக் குலுங்கி அணைந்துபோகும். பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் எல்லாரும் ஹாரனில் கை வைப்பார்கள். காருக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல், "போச்சு! மறுபடியும் போச்சு!" என்று கத்தும்.

கருவைத் தேடி ஊர் ஊராக அலைகிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. கலங்கரை விளக்கத்தை மூடி வைத்தேன். சரி, இதையே எழுதித் தொலைப்போம்.

2

முதல் தொடக்கம்:

"அவள் கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுத்தாள், வாழ்க்கையும் இப்படித்தானே என்று—"

வேண்டாம். எதைப் பார்த்தாலும் வாழ்க்கையும் இப்படித்தான் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கே ஆகாது.

இரண்டாவது தொடக்கம்:

"கொடுமைக்காரக் கணவர்களில் கார் கற்றுக்கொடுக்கிறவர்கள் தனி ரகம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர்—"

இது ஒரு பக்கம் தடையில்லாமல் ஓடியது. திட்டி எழுதுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒருநாள் கார் வழக்கம்போல் அணைந்து நின்றபோது கதவைத் திறந்து எட்டிப் பார்த்துத் தொலைத்தேன். கத்துகிற மனிதர் இடுப்பில் அகலமான பட்டை கட்டியிருந்தார். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை. தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார். கொடுமைக்காரனை இந்தக் கோலத்தில் உட்கார வைத்தால் எந்த வாசகர் நம்புவார்? பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது தொடக்கம் கீழே இருக்கிறது. இதுவும் அணைந்துபோனால் நான் பொறுப்பில்லை.

3

அவள் தையற்காரி. பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் ஜன்னலோரத்து பவர் மெஷின் அவளுடையது. அவர் பஸ் டிரைவராக இருந்தவர். ஆண்டுக்கணக்காக அந்த சீட்டில் உட்கார்ந்து ஆடியதில் முதுகெலும்புக்கு நடுவே ஒரு வட்டு நழுவி, ஆபரேஷன் முடிந்து, இப்போது வீட்டோடு இருக்கிறார். வலி குறைந்துவிட்டது. இடது கால் விரல்களில் மட்டும் மரப்பு தங்கிவிட்டது. "இது மேல ஏறுதான்னு கவனிச்சுக்கிட்டே இருங்க. ஏறினா தள்ளிப்போடாம உடனே வரணும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஏறியது. விரலில் இருந்தது கணுக்காலுக்கு வந்தது. வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த ஓட்டுநருக்குக் கிளட்சோடு என்ன முன்பகையோ, ஒவ்வொரு கியருக்கும் ஓர் உதை. டாக்டர் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுத்துக்கொண்டு மறுபடி வாருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு ஆபரேஷன் செய்யவேண்டியிருக்கும் என்றார். வீட்டுக்கு வந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"இனிமே அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"ஏங்க, டாக்டர் என்ன பண்ணினாரு உங்கள?"

"டாக்டர யாரு சொன்னா? அந்தக் குலுக்கல இன்னொரு தடவை என் முதுகு தாங்காது."

"நம்ம கார் சும்மாதானே நிக்குது. நான் ஓட்டுறேன்."

"நீயா?" சுவரைப் பார்த்தபடியே சிரித்தார். "லைசென்ஸ் எடுத்ததோட சரி, வண்டியத் தொட்டதுண்டா நீ? சரி, அந்த மேட்டுத் தெருவுல குலுங்காம ரெண்டாவது கியர் போட்டுக் காட்டு. அன்னைக்கே வர்றேன். பேச்சு மாற மாட்டேன்."

மேட்டுத் தெரு என்றால் என் வாசல். ஊரில் வேறு மேடே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.*

*(கியரே போட வேண்டாத கார் வாங்கினால் என்ன என்றும் சிலர் கேட்பீர்கள். அவர் காதில் அதைப் போட்டாயிற்று. "அது காரா? அது லிஃப்ட்டு. பட்டனை அமுக்கிட்டுச் சும்மா நிக்கணும்" என்றார். தவிர, அப்படி ஒரு கார் வந்தால் எனக்குக் கதையும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நானும் அவரும் ஒரே கட்சி.)

4

அவளுக்கு ஏன் வரவில்லை? சோம்பேறியும் இல்லை, பயந்தாங்கொள்ளியும் இல்லை. இதில் நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். "அவள் மனத்தில் ஓர் இனம்புரியாத—" என்று தொடங்கி உடனே அடித்துவிட்டேன். இனம் புரியாவிட்டால் எழுத்தாளர் எதற்கு?

கடைசியில் அவளே வந்து சொன்னாள். கார் அணைந்து நின்ற ஒரு காலையில், அவர் உள்ளேயே உட்கார்ந்து யாரையோ சபித்துக்கொண்டிருக்க, இவள் இறங்கி என் கேட்டுக்கு வந்தாள்.

"தினமும் தொந்தரவு பண்றேன், மனசுல வச்சுக்காதம்மா. எழுதிட்டு இருந்தியா?"

"எழுதத்தான் பார்த்தேன். பரவால்ல அக்கா. எங்கே சிக்குது?"

"காலுதான். மெஷின்ல பயந்தா என்ன பண்ணுவோம்? ஊசி விரல் பக்கம் வந்துடுச்சுன்னா காலை எடுத்துடுவோம். காலை எடுத்தா மெஷின் நிக்கும். இத்தனை வருஷமா அதுதானே பழக்கம்? இங்க ஒரு ஹாரன் அடிச்சா, ரெண்டு காலும் தானா மேல வந்துடுது. நான் என்ன பண்ண?"

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் விளங்கியது. தையல் மெஷினில் காலை எடுத்தால் எல்லாம் அடங்கும். காரில் கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால்தான் எல்லாம் ஆரம்பம்: வண்டி துள்ளும், மூச்சு முட்டும், அணையும். பத்திரமாக இருக்க வேண்டுமென்று அவள் உடம்பு கற்றிருந்த ஒரே வழிதான் அவர் முதுகில் உதையாக இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பழக்கத்தை அவள் விரட்டினாள். கடையில் சாப்பாட்டு நேரத்தில், அணைத்து வைத்த மெஷினின் பெடலில் பாதத்தை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே விட்டுப் பழகினாள். கூட வேலை செய்கிறவர்கள், "அக்கா எங்கயோ கிளம்பிட்டாங்க" என்று கேலி செய்தார்கள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, தரையையே மிதித்து மிதித்து விட்டாள்.

(மிதித்து விட்டாள், மிதித்து விட்டாள் என்று இன்னும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். முன்னேற்றத்தை எழுதுவதுபோல் கழுத்தறுப்பு வேறு இல்லை. எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் உங்களுக்கு ஒரு குலுக்கல் தெரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் கற்றுக்கொள்கிறவள்தான்.)

கால் அடங்கிவிட்டது. அப்படியும் கார் என் வாசலில் அணைந்தது. மறுநாளும் அணைந்தது. சட்டியில் இருந்தும் அகப்பையில் வராவிட்டால் யாரைக் குற்றம் சொல்வது?

5

கதையில் இந்த இடத்தில் ஒரு திருப்பம் வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அது தானாகவே மேட்டில் ஏறி வந்தது. அன்று காரில் அவள் மட்டும்தான் இருந்தாள். மருந்துக்கடைக்குப் போகிறாள்போல. முதல் கியரில் ஏறினாள், என் வாசலுக்கு நேரே இரண்டாவதுக்கு மாறினாள், போய்விட்டாள். குலுக்கல் இல்லை, இருமல் இல்லை. நான் பேனாவை வைத்துக்கொண்டு வாய் பார்த்தபடி நின்றேன்.

மறுநாள் அவரும் பக்கத்தில் இருந்தார். கார் அணைந்தது.

இந்த முறை கத்தலை விட்டுவிட்டு, அதற்கு முந்தி அவர் சொல்வதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "கிளட்ச மிதி" என்றார். மிதித்தாள். பிறகு அவர் சும்மா இருந்தார். இருந்துகொண்டே இருந்தார். மேட்டில் கிளட்சை மிதித்த வண்டிக்கு ஓட்டம் எவ்வளவு நேரம் தாங்கும்? அது செத்த பிறகுதான் "போடு!" என்றார். அவளும் அப்போதுதான் போட்டாள். அதற்குமேல் எந்தக் கொம்பன் போட்டாலும் அணையத்தான் செய்யும்.

மனிதர் பஸ் ஓட்டியவர். எப்போது போட வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அப்படியென்றால் வேண்டுமென்றேதான். அவள் போடக் கற்றுக்கொண்டால் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்தால் மறுபடி ஆபரேஷன். அதை வாய் திறந்து "பயமா இருக்கு" என்று சொல்ல ஐந்து விநாடி ஆகாது. அதற்கு இவர் ஒரு கிளட்சைத் தேய்த்து, ஒரு தெருவையே நிறுத்தி, ஒரு கலங்கரை விளக்கத்தைக் கெடுத்து... எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

எழுத்தாளர் கதைக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது என்பார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தையற்கடைக்குப் போனேன்.

"அக்கா, உங்களுக்குக் கியர் நல்லாத்தான் வருது. அவர்தான் உங்களைக் கெடுக்கிறாரு. 'போடு'ன்னு சொல்றதை வேணும்னே லேட்டாச் சொல்றாரு."

அவள் சட்டைக் காலரைத் திருப்பி, நூலைக் கத்தரித்து, தைத்ததை ஓரமாக வைத்தாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"இத்தனை வருஷம் அவர்கூடக் குடும்பம் நடத்துறேன், இது தெரியாதாம்மா?"

"தெரிஞ்சும் ஏன் அவர் சொல்றப்ப போடுறீங்க?"

"நானாப் போட்டு வண்டி நல்லாப் போயிட்டா, அவருக்குச் சொல்லிக்க ஒரு சாக்கும் இருக்காதுல்ல? பாவம். ரெண்டு நாள் போகட்டும், தானா வருவாருன்னு நினைச்சேன்." அடுத்த சட்டையை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். "நேத்து அவர் கால்ல வெந்நீர் கொட்டிடுச்சு. முழங்காலுக்குக் கீழ. கொட்டினதே தெரியாம டிவி பார்த்துட்டு இருந்தாரு. இனி பாவம் பார்த்துக் கட்டுப்படியாகாது. நாளைக்கு அவர் சொல்றதுக்குள்ள நானே போட்டுடுவேன்."

இப்படி எல்லாம் தெரிந்த ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? வாசகருக்கு முன்னால், எழுதுகிறவளுக்கு முன்னால், எல்லாருக்கும் முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, முதல் நான்கு பகுதியையும் மாற்றி எழுதலாமா என்று பார்த்தேன். கை ஓடினால்தானே.

6

மறுநாள் நான் மேசைக்கே போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கார் வந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. அவர் கைப்பிடியைப் பிடித்திருந்தார். பின் சீட்டில் பழைய ஸ்கேன் படத்தின் பெரிய உறை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. அதைப் பார்த்திருப்பார். பார்க்காததுபோல் உட்கார்ந்திருந்தார்.

"கிளட்ச மிதி" என்றார்.

மிதித்தாள். அவர் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறப்பதற்குள் கியரை இழுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. அவளுடைய கால்—

(எனக்கு இந்த வாக்கியத்தை முடிக்க மனமில்லை. நீங்களே ஊகித்திருப்பீர்கள்.)

கார் ஓர் எகிறு எகிறியது. அணையவில்லை, ஆனால் அந்த மேட்டில் இதுவரை நான் பார்த்ததிலேயே மோசமான குலுக்கல் அதுதான். அவருடைய தலை முன்னால் போய்ப் பின்னால் மோதியது. தலையணை ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். "போச்சு!" வர வேண்டும்.

"பரவால்லயே" என்றார் அவர். "நல்லாப் போட்டே. எனக்கு ஒரு குலுக்கலும் தெரியல."

அவள் காரை ஓரங்கட்டவில்லை. ஒரு நொடி அவரைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ காலையில் ஹாரனுக்கும் கத்தலுக்கும் கலங்காத அந்த முகம், ஒரே ஒரு பாராட்டுக்கு வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

"என்னங்க, நிஜமாவே தெரியலயா?"

"ரோட்டப் பாரு."

7

கார் மேட்டு முனையில் வளைவு திரும்பிவிட்டது. என் கேட்டிலிருந்து அதற்குமேல் தெரியாது. கேட்டை விட்டு ஓடிப்போய்ப் பார்த்திருக்கலாம். எழுதுகிறவளுக்குப் பிடித்த இடத்துக்குப் போக உரிமை உண்டு. போகவில்லை, பயமாக இருந்தது.

முடிவாக என்னால் ஊகிக்க முடிந்தவை இவ்வளவுதான். அவர் சும்மா சொன்னார்: சாக்கெல்லாம் தீர்ந்துவிட்டது, இனி வருகிறேன் என்பதை அந்த மனிதருக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்? கத்தியே பழகிய வாயில் முதல் முதலாக ஒரு நல்ல பொய் வந்தது. இப்படி எழுதத்தான் எனக்கு ஆசை, இப்படி எழுதியும் வைத்தேன். ஆனால் வெந்நீரை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது? அவர் நிஜத்தைச் சொல்லியிருந்தால்? மரப்பு இடுப்புவரை ஏறி, அந்த உதை அவருக்குத் தெரியவே இல்லையென்றால்? அதை எழுத உட்கார்ந்தபோது இரண்டு சொல்லுக்குமேல் போகவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன். எதுவானாலும் அவள் இனிமேல் எதற்கும் வண்டியை நிறுத்தமாட்டாள் என்பது மட்டும் எனக்கு உறுதி.

வளைவுக்கு அப்பால் சாலை இறக்கம், அங்கே மூன்றாவது கியர் போட்டாக வேண்டும். கேட்டில் நின்றபடி அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் போடவில்லையோ, போட்டதுதான் தெரியவில்லையோ. தண்ணீர் லாரி வேறு கடந்து போய்க்கொண்டிருந்தது. நீங்கள் அந்தப் பக்கம் நிற்கிறவர்கள், உங்களுக்கு ஏதாவது கேட்டதா?