முதல் இருபது நிமிடம்

தருண்குமாருக்கு வேகம் வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். போன ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு மாதேஸ்வரன் மலைக்குப் போனபோது, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அவனுடைய பெட்ரோல் அம்பாசடரை ஒரு ஆம்னி வேன் முந்திவிட்டது. வேனில் இருந்தவர்கள் அவனுடைய சொந்தக்காரர்கள். முந்தினோமா, போனோமா என்று இல்லாமல் ஜன்னல் வழியாகக் கை வேறு காட்டினார்களாம். இந்த ஒரு காரணத்துக்காக ஒரு மனிதன் ஓடுகிற இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறான்.

நான் செந்தில்நாதன். மைசூரில் பன்னிமண்டபத்துக்குப் பக்கத்தில் இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருட அனுபவத்தில், வேகம் கேட்டு வருகிற எவனுக்கும் வேகம் தேவைப்படுவதில்லை என்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் சரி என்றேன். பிழைப்பு அது.

முதலில் கேம்ஷாஃப்ட். இன்ஜினுக்குள் இருக்கிற இரும்புத் தண்டு. அதில் முட்டை மாதிரி மேடுகள் இருக்கும். தண்டு சுற்றும்போது மேடு போய் டேப்பெட் என்கிற சின்ன இரும்புத் துண்டைத் தள்ளும், டேப்பெட் கம்பியைத் தள்ளும், கம்பி மேலே இருக்கிற வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் அதை மூடும். மேடு பெரிதாக இருந்தால் வால்வு அதிகம் திறக்கும். காற்றும் பெட்ரோலும் நிறைய உள்ளே போகும். அவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு தருண் என்னை இரண்டு மாதம் படுத்தினான்.

இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் பட்டியலில் இந்த இன்ஜினுக்கு மூன்று கேம் இருந்தது. அவன் மூன்றாவதைக் கேட்டான். அது பந்தயக் கேம். மூவாயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம்முக்கு மேல்தான் அதற்கு உயிரே வரும், கீழே இருமிக்கொண்டு கிடக்கும். ஆனால் போனில் எவனோ போட்ட வீடியோவில் அந்தக் கேம் போட்ட கார் சிக்னலில் நின்றபடி குலுங்கிக்கொண்டிருந்தது. "நம்ம வண்டியும் அப்படி நடுங்கணும் பாஸ், அதே ஒரு கெத்து" என்றான். கடைசியாக எப்போது நாலாயிரத்தைத் தாண்டினாய் என்று கேட்டேன். ஒரு தடவை, கியர் விழாமல் நியூட்ரலில் மிதித்தபோது என்றான். மலையில் அமாவாசைக் கூட்டத்தில், பஸ்ஸுக்குப் பின்னால், ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்து போகிறவனுக்கு எதற்கு அது? முதல் கேமே போதும் என்றேன். அழுகிற மாதிரி பார்த்தான். நடுவில் இருந்ததை எழுதிக்கொண்டேன்.

அடுத்து ஸ்பிரிங். இருப்பதிலேயே கடினமான ஸ்பிரிங்தான் வேண்டுமாம், வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னார்களாம். மெத்தென்று இருந்தால் வேகத்தில் வால்வு மூடாமல் மிதக்கும், உண்மைதான். அதற்காகக் கல் மாதிரி ஒன்றைப் போட்டால் அது டேப்பெட்டைக் கேமின் மேல் அழுத்தி அழுத்தி மேட்டையே தின்றுவிடும். கேம் செய்தவன் எந்த ஸ்பிரிங் சொன்னானோ அதைப் போட வேண்டும். பழைய டேப்பெட்டைப் பார்த்துவிட்டு, பளபளவென்று இருக்கிறதே, அதையே போடலாமே என்றான். பழைய கேமோடு தேய்ந்து பழகிய டேப்பெட் புதுக் கேமை ஒரு வாரத்தில் கொன்றுவிடும் என்றேன். எட்டும் புதிதாக வாங்கினோம். எல்லாம் வந்து சேர நாலு மாதம் ஆனது. அந்த அளவில் கேம் அதுதான் கடைசி, இனிமேல் செய்யப்போவதில்லை என்று பெட்டிக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

ஏனென்றால் இந்த மாதிரிக் கேமின் ஆயுசே முதல் இருபது நிமிடத்தில்தான் இருக்கிறது. முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் இரண்டாயிரம் ஆர்பிஎம்முக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட வேண்டும். அப்போதுதான் ஆயில் வாரி இறைக்கும். மேடும் டேப்பெட்டும் ஒன்றோடொன்று உரசிப் பழகும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கில் விட்டால் போதிய ஆயில் வராது. மேடு மழுங்கிப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது, ஓர் ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டரில் இன்ஜின் படுத்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு கேமைக் கொன்றிருக்கிறேன்.

மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கிற கௌதள்ளியில் லிங்கப்பன் என்று ஒரு விவசாயி. தருணுடைய தாய்மாமன். எட்டு மாதத்துக்கு முன்னால் மகன் கல்யாணத்துக்காக அவருடைய பழைய ஃபியட்டுக்குப் புதுக் கேம், டேப்பெட், ஸ்பிரிங் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். முதல் ஸ்டார்ட் கோயில் வாசலில்தான் என்றார்கள். பூஜை முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளையை உள்ளே உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் வண்டி ஐடிலிங்கில் நின்றது. நான் பக்கத்தில் நின்று கேசரி தின்றுகொண்டிருந்தேன். கல்யாணக் களையில் இருக்கிறவர்களிடம் போய் வண்டியை அணைக்கச் சொல்ல வாய் வரவில்லை. அறுநூறு கிலோமீட்டரில் இன்ஜின் போயிற்று. பிரித்துப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன ஆச்சுங்க என்று லிங்கப்பன் கேட்டார். "சாமான் நல்ல சாமான்தாங்க, உங்க நேரம்" என்றேன். தப்பு செய்த மெக்கானிக் சொல்கிற வசனம் இது. அவர் நம்பினார். நம்பினதோடு நிற்காமல் தங்கை மகனை என்னிடமே அனுப்பியும் வைத்தார்.

தருணிடம் இருபது நிமிடக் கதையை மூன்று தடவை சொன்னேன், அம்மாவிடம் சொல்லிவிடு என்றேன். "சொல்லியாச்சு பாஸ்" என்றான். பயல் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தருண். அவன் அம்மா மாரியம்மா, கையில் தேவராஜா மார்க்கெட்டில் வாங்கிய மாலை, எலுமிச்சம்பழம், தேங்காய். கௌதள்ளியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த லிங்கப்பன். அவருக்குப் பின்னால் அவர் மருமகள் மனிஷா, அன்றைக்கு ஃபியட்டில் உட்கார்ந்த அதே கல்யாணப் பொண்ணு. மைசூரில் அவளுக்குப் பல் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்ததாம். வண்டியைத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போய், ஒன்பதே கால் முதல் ஒன்பதே முக்காலுக்குள் சாமி முன்னால் ஸ்டார்ட் செய்து, தீபம் காட்டி முடிகிறவரை ஓடவிட வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம் என்று மாரியம்மா எனக்கு விளக்கினார். பிறகு திரும்பிப் பார்த்து, "மனிஷா, நீ அந்த டீக்கடையோரமா நில்லு கண்ணு. பூஜ முடிஞ்சதும் கூப்புடறேன்" என்றார். அவளும் ஒன்றும் கேட்காமல் போய் நின்றாள்.

ஏன் என்று தருணிடம் கேட்டேன். மாமாவின் ஃபியட் அவள் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து கெட்டுப்போனதாம். அதனால் புதிதாக எதைத் தொடங்கினாலும் அவளைத் தள்ளி நிறுத்துகிறார்களாம். தோட்டத்தில் போர்வெல் போட்டபோதும் அப்படித்தானாம். "நேரம் சரியில்லைன்னு நீங்களே சொன்னீங்களாமே, பாஸ்" என்றான் சாதாரணமாக.

ஒரு பெண் வெயிலில் நிற்கிறாள், என் கேசரிக்காக. அசிங்கமாக இருந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். மாலையைப் போட்டுவிட்டு மூன்று பேரும் வண்டியின் பின்னால் கை வைத்துத் தள்ள ஆரம்பித்தபோதுதான், அந்தப் பெட்டியில் இருந்த சீட்டு ஞாபகம் வந்து, முன்னால் போய் நின்றேன்.

கோயிலில் நிறுத்தி ஓடவிட்டால் இன்ஜின் கெட்டுவிடும், இங்கேயே இருபது நிமிடம் வேகமாக ஓட்டியாக வேண்டும் என்றேன். மாரியம்மா நிமிர்ந்தார்.

"எங்கண்ணன் வண்டிக்கும் நீங்கதானுங்களே வேல செஞ்சீங்க? அதும் கோயில்ல நின்னு ஓடுச்சு. அப்ப ஒண்ணுஞ் சொல்லலயே."

"அது அதனாலதாங்க போச்சு."

லிங்கப்பன் டிக்கியின் மேலிருந்து கையை எடுத்தார். "நேரம்னு சொன்னீங்க" என்றார்.

"பொய் சொன்னேங்க. அன்னைக்கே அணைக்கச் சொல்லியிருக்கணும். சொல்லல. அப்புறம் ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு."

அவர் என்னை அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். டீக்கடை எட்டடி தூரம்தான். மனிஷா கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள். மாரியம்மா வாட்சைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி வாட்சைப் பார்த்தார். நல்ல நேரம் முடிய இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. "சாமிய அப்பறம் பாத்துக்கறேன். இங்கயே போடுங்க" என்றார்.

தருண் சாவியைத் திருப்பினான். பிடித்துக்கொண்டது. நான் மாட்டியிருந்த மீட்டரில் முள் இரண்டாயிரத்துக்கு ஏறியது, கை காட்டி அங்கேயே நிறுத்தச் சொன்னேன். சைலன்சர் இன்னும் முழுதாக மாட்டவில்லை. பட்டறையே அதிர்ந்தது. இருபது நிமிடம் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. லிங்கப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை பக்கத்தில் வந்து வாயைத் திறந்தார், சத்தத்தில் முடியாமல் திரும்பிப் போனார். நான் ரேடியேட்டரைப் பார்த்தேன், ஆயில் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தேன், பார்த்ததையே மறுபடி பார்த்தேன். பத்தாவது நிமிடத்தில் மனிஷா கிளாஸைக் கடையில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மாரியம்மா அவளிடம் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார், பிறகு விட்டுவிட்டார். அவள் திறந்திருந்த பானெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று இன்ஜினைப் பார்த்தாள்.

நேரம் முடிந்ததும் தருண் அணைத்தான். காது அடைத்துப்போயிருந்தது. முதலில் பேசினது மனிஷாதான்.

"ஏனுங்கண்ணா, இந்த வண்டி இல்லீன்னா இன்னைக்கும் சொல்லியிருக்க மாட்டீங்க, இல்லீங்களா?"

வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். பொய் எனக்குப் புதிதில்லை. "மாட்டேம்மா" என்றேன்.

"எட்டு மாசமுங்க. நாத்தனார் கொழந்தையத் தொட்டில்ல போட்டப்பக்கூட என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க."

லிங்கப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போய்ச் சொன்னால் அத்தை நம்ப மாட்டார்கள், மருமகளுக்குப் பரிந்து பேசுவதாக நினைப்பார்கள், அதனால் நானே கௌதள்ளிக்கு வந்து சொல்ல வேண்டும் என்றாள் அவள். அத்தை என்றால் லிங்கப்பன் மனைவி பழனாத்தாள். கல்யாணத்தன்று எனக்குக் கேசரி வைத்தவர்.

"ஆயில் மாத்தணும், சைலன்சர் மாட்டணும், டேப்பெட் பாக்கணும்மா. ஒன்றரை மணி நேரம் ஆகும்" என்றேன்.

"நிக்கறனுங்க" என்றாள்.

ஒன்றரை மணி நேரமும் நின்றாள். பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை. எட்டு டேப்பெட்டும் கச்சிதமாக இருந்தன, கேமில் ஒரு கீறல் இல்லை. நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

பல் டாக்டரை இன்னொரு நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது மனிஷா போய் முன்சீட்டில் உட்கார்ந்தாள். தருண் ஓட்டினான். பின்னால் மாரியம்மா, லிங்கப்பன், நான். கொள்ளேகால் தாண்டியதும் லிங்கப்பன், "பழனாத்தா கோவம் வந்தா கையில கெடச்சத வீசிருவா. பாத்து நில்லுங்க" என்றார்.

சரிங்க என்றேன். இன்ஜின் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. பழனாத்தாளிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உங்க மருமக மேல ஒண்ணும் இல்லைங்க, தப்பு என்னுது. அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு போனில் சொல்லியிருக்கலாம்.